கீழக்கரையில் ரைசன் 5 5600க்கு எந்த மதர்போர்டு?

ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசருக்கு ஏ520, பி550, எக்ஸ்570 என்ற மூன்று வகை மதர்போர்டுகளில் எது என்று கேட்டிருந்தீர்கள், வீடு கடற்கரைத் தெருவில் என்றும் சொன்னீர்கள். தயங்காமல் பி550 எடுங்கள். 5600 வெறும் 65 வாட் சிப், அதற்கு எக்ஸ்570 காசுக்குக் கேடு, அதுபோக அந்த போர்டுகள் பலவற்றில் சிப்செட் (போர்டில் உள்ள துணைச் சிப்) மேல் ஒரு குட்டி ஃபேன் இருக்கும், நம்ம ஊர் உப்புக் காற்றில் முதலில் மக்கர் செய்வது அந்த மாதிரிச் சின்ன ஃபேன்தான். ஏ520 மோசமில்லை, ஆனால் கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் இணையும் பிசிஐஇ அதில் பழைய 3.0தான், பி550இல் உள்ள 4.0ஐவிட வேகம் குறைவு.

கடையில் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் சூட்டை இறக்கும் அலுமினிய ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்க வேண்டும், ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் நல்லது. ஆர்ஜிபி விளக்குக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பழைய பி450 மலிவாகக் கிடைத்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் 5600ஐப் போட்டதும் திரையில் ஒன்றுமே வராது.

நான் மண்டபத்தில் இருக்கிறேன். ஜன்னலோரம் வைத்திருந்த என் பழைய கணினி ஒருநாள் ஆன் ஆகவில்லை, கழற்றினால் ரேமின் தங்க நிறப் பற்களில் பச்சைக் களிம்பு, பின்பக்க ஸ்குரூ எல்லாம் துரு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து அதை மீட்டேன். அதனால் கேபினட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், தினம் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், துருப்பிடித்த போர்டுக்குப் பொதுவாக வாரண்டி தரமாட்டார்கள்.