வலிப்பு நின்ற பிறகு என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. வலிப்பு நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவருகிறார். எப்போதாவது வலிப்பு வந்தால் இரண்டு நிமிடங்களில் நின்றுவிடுகிறது. ஆனால் பிறகு அரை மணி நேரம் என்னையே அடையாளம் தெரியாமல் எழுந்து நடக்கிறார், பிடித்தால் தள்ளிவிடுகிறார், பின்னர் மணிக்கணக்கில் தூங்குகிறார். எழுப்பலாமா? மறுநாள் வேலைக்கு அனுப்பலாமா?

பதில்: கை கால் உதறல் அடங்கியதும் மூளை உடனே வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. அந்த நேரத்தில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை எடுத்தால் பெரும்பாலும் மந்தமான அலைகளே பதிவாகும். ஆகவே அவர் உங்களைத் தள்ளுவது கோபத்தால் அன்று. யாரோ தன்னை அமுக்கிப் பிடிக்கிறார்கள் என்பது மட்டுமே அவருக்கு உறைக்கிறது, அதை உதறுகிறார். பிடியை விட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடுவார். வாசற்கதவைச் சாத்தி, அடுப்பை அணைத்து, சற்றுத் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருங்கள். படிக்கட்டுப் பக்கம் போனால் மட்டும் பக்கவாட்டிலிருந்து மெல்லத் திசைதிருப்புங்கள்.

பெயர், இருக்கும் இடம், கிழமை ஆகியவற்றைச் சரியாகச் சொல்லும்வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம், புரையேறும். வலிப்பை நிறுத்தக் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நிற்பதால் வலிப்பை நிறுத்தியது என்ற பெயர் சாவிக்குக் கிடைத்துவிட்டது.

தூங்கட்டும், ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனியுங்கள். அவ்வப்போது தொட்டு அழைத்தால் முனகவோ கண் திறக்கவோ வேண்டும். இரவு வேளை மாத்திரைக்கான நேரம் வந்தால், நன்றாக எழுப்பி உட்கார வைத்து, தெளிந்த பிறகு கொடுங்கள். தூக்கத்தில் ஒரு வேளை தவறி, அதனாலேயே அடுத்த வலிப்பு வருவதும் உண்டு.

உதறல் 5 நிமிடங்களைத் தாண்டினாலும், தெளிவதற்குள் மறுபடி வலிப்பு வந்தாலும், மூச்சுத் திணறினாலும், வழக்கமான அரை மணி நேரம் ஒரு மணியாகியும் தெளிவு திரும்பாவிட்டாலும் 108-ஐ அழையுங்கள். ஒரு பக்கக் கை கால் செயலிழந்தாலும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் ராபர்ட் டாட் பெயரால் அழைக்கப்படும் தற்காலிக வாதமாக அது இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் சரியாகிவிடும். ஆனால் முதன்முறை வரும்போது பக்கவாதமா என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய இயலாது.

மறுநாள் உடல்வலி, தலைவலி, நாக்குப் புண், பெயர்கள் நினைவுக்கு வராத தடுமாற்றம் ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். டிரமடால் என்ற வலி மருந்து வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். தோளை அசைக்க முடியாவிட்டால் மூட்டு விலகியிருக்கலாம். சிறுநீர் காபி நிறமாக இருந்தால் தசைச் சிதைவு சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது இன்னொன்று உண்டு. சிலருக்கு, குறிப்பாக அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்தபின், நன்றாகத் தெளிந்து ஓரிரு நாட்கள் இயல்பாக இருந்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் திடீரெனத் தூக்கமின்மை, வீண் சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்ற மனக்குழப்பம் தோன்றும். பேய் பிடித்துவிட்டது என்று அலைக்கழிக்காமல், தனியே விடாமல், உடனே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், மருந்துக்குக் கட்டுப்படும்.

வேலையைப் பொறுத்தவரை, ஒரு நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கணக்கு வழக்கு, இயந்திரம், உயரம் சார்ந்த வேலையானால் இரண்டு நாட்கள். வண்டி ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை நிறுத்திவையுங்கள்.