விரும்பித்தானே வாங்குகிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளாஸ்டிக் குப்பையை ஏழை நாடுகளுக்கு அனுப்புவது எல்லாமே அநியாயம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். யாரும் யார் தலையிலும் கட்டவில்லையே? விரும்பித்தானே வாங்குகிறார்கள்? அவர்களுக்கு மூலப்பொருள் கிடைக்கிறது, வேலை கிடைக்கிறது. சீனா அப்படி வாங்கித்தானே வளர்ந்தது? குப்பை என்றதும் முகம் சுளித்துவிட்டீர்களோ என்று தோன்றியது.

சு.

அன்புள்ள சு.,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. சீன ஆலைகளுக்குப் பழைய பிளாஸ்டிக் உண்மையிலேயே மூலப்பொருளாக இருந்தது. மேற்கு நாடுகளில் சீனச் சரக்கை இறக்கிய கன்டெய்னர்கள் எப்படியும் திரும்பியாக வேண்டும், அதனால் கப்பல் கூலியும் மலிவு. 1992இலிருந்து உலகில் கைமாறிய பிளாஸ்டிக் கழிவில் சுமார் 45 சதவீதம் சீனாவுக்குத்தான் போனது. அவ்வளவு லாபமான சரக்கை 2018 ஜனவரியில் அவர்களே ஏன் நிறுத்தினார்கள்? அழுக்கும் ஆபத்தான கழிவும் கலந்து வருகிறது என்று முந்தைய ஆண்டே உலக வர்த்தக அமைப்பிடம் காரணம் சொல்லியிருந்தார்கள்.

‘வாங்குகிறார்கள்’ என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். ஒரே வகை பாட்டில்களைப் பிரித்துக் கட்டிய பேலுக்கு விலை உண்டு. பல வகை கலந்த, அழுக்கேறிய உறைகளுக்கு விலை கிடையாது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அனுப்புகிறவர்தான் காசு கொடுப்பார், அல்லது நல்ல சரக்குக்கு நடுவே மறைத்து அனுப்புவார். துணி வாங்குகிறவர் கிழிசல் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார். குப்பையை எடுத்துக்கொள்ளக் காசு வாங்கியவர் எதற்குப் பார்க்க வேண்டும்? அவருடைய லாபம் அப்போதே வந்துவிட்டது. அப்புறம் பிரிப்பது, கழுவுவது, உருக்குவது எல்லாம் அவருக்கு வெறும் செலவு. கொளுத்திவிட்டால் அது மிச்சம்.

சீனா கதவைச் சாத்தியதும் மலேசியாவில் நடந்தது இதுதான். சிலாங்கூர் மாநிலத்தின் ஜென்ஜாரோம் என்ற சிற்றூரைச் சுற்றி உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் பிளாஸ்டிக் எரிகிற புகையால் மூச்சு முட்டுகிறது என்று ஊர்க்காரர்கள் புகார் கொடுத்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 150 கன்டெய்னர்களை, 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2020 ஜனவரியில் மலேசிய அரசு அறிவித்தது.

தலையில் கட்டவில்லை என்கிறீர்கள். 2013, 2014இல் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு மறுசுழற்சி பிளாஸ்டிக் என்ற பெயரில் 103 கன்டெய்னர்கள் போயின. திறந்து பார்த்தால் வீட்டுக் குப்பை, அழுக்கு டயாப்பர் வரை. மிஞ்சிய 69 கன்டெய்னர்களைத் திருப்பி ஏற்ற 2019 ஆகிவிட்டது, அதுவும் அதிபர் டுடெர்ட்டே போர் தொடுப்பேன் என்று மிரட்டிய பிறகு. (அந்த மனிதரோடு நான் உடன்பட்ட அபூர்வமான தருணம்.)

வேலை கிடைக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் காகித ஆலைகளுக்கு இறக்குமதியாகும் பழைய காகிதத்தோடு பிளாஸ்டிக்கும் வந்து சேரும். பாங்குன் கிராமத்தினர் அதைக் காயவைத்துப் பிரித்துப் பிழைக்கிறார்கள். எதற்கும் உதவாத மிச்சம் துரோபோதோ என்ற ஊரின் தோஃபு (சோயாப் பால்கட்டி) பட்டறைகளுக்கு அடுப்பெரிக்கப் போகும். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளை 2019இல் சோதித்தபோது பிளாஸ்டிக் எரியும்போது உண்டாகும் டையாக்சின் என்ற நச்சு மிக அதிகமாக இருந்தது. வேலை இருக்கிறது, அந்த முட்டையும் இருக்கிறது.

சட்டம் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. கலப்படமான, அழுக்கான பிளாஸ்டிக்கை அனுப்புமுன் பெறும் நாட்டின் ஒப்புதலை வாங்க வேண்டும் என்று, ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில் 2019இல் திருத்தம் வந்து, 2021 ஜனவரியில் நடைமுறையானது. அமெரிக்கா அதில் உறுப்பினரே இல்லை. தாய்லாந்து 2025 தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கழிவை அடியோடு தடுத்துவிட்டது. விரும்பி வாங்குகிறவர்கள் ஏன் தடை போட வேண்டும் என்பது உங்களிடம் என் கேள்வி.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ‘எல்லாமே’ என்று எழுதியது என் அவசரம். கழுவி, வகை பிரித்து, விலை போட்டு விற்கிற பாட்டில் பேல்களோடு எனக்குத் தகராறு இல்லை. அந்த வரியைத் திருத்திவிடுகிறேன்.