சீப்பில் ஒட்டுகிற வெள்ளை

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மதுரை தமுக்கம் மைதானத்தில் நடந்த கண்காட்சியில் 'சல்ஃபேட் இல்லாத இயற்கை ஷாம்பூ கட்டி' என்று ஒன்றை 220 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாலு தடவை குளித்ததிலேயே முடி சடை பிடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. சீப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறது. பழைய பாக்கெட் ஷாம்பூவுக்கே போகலாம் என்றால், சல்ஃபேட் புற்றுநோய் கொண்டுவரும் என்று காலேஜில் படிக்கும் மகள் தடுக்கிறாள். கட்டி வந்த அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: அட்டையை அனுப்பியது நல்ல காரியம், தங்கச்சி. மருந்துக் கடையில் 27 வருஷம் பொடி எழுத்துப் படித்தே பழகியவள் நான். முன்பக்கச் செம்பருத்திப் பூவை விட்டுவிட்டு, பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதல் பெயர் சோடியம் கோகோயேட், அடுத்தது சோடியம் பாமேட். தேங்காய் எண்ணெயையும் பாமாயிலையும் காஸ்டிக் சோடா சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பவை இவை. அதாவது நீங்கள் வாங்கியது சோப்பு. சல்ஃபேட், அதாவது ஷாம்பூவில் நுரை வரவும் அழுக்குப் போகவும் சேர்க்கிற பொருள், இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் சோப்பு என்று சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீர்தானே? எங்கள் வீட்டிலும் உண்டு. உங்கள் கடிதம் வந்த அன்று சாயந்திரம் இரண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வரும் வைகைத் தண்ணீர், பாதிப் பாதி. தேங்காய் எண்ணெய் சோப்பு ஒன்றைக் கத்தியால் சீவி, விரல்நுனி அளவு இரண்டிலும் போட்டுக் குலுக்கினேன். வைகைத் தண்ணீரில் நுரை பாட்டில் கழுத்து வரைக்கும் ஏறி நின்றது. போர் தண்ணீரில் நுரை எழும்பவே இல்லை. பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காகிவிடுகின்றன. உங்கள் சீப்பில் ஒட்டுவது அந்தத் திப்பிதான். பாட்டிலைக் கழுவி, அதே போர் தண்ணீரைப் பிடித்து, பாக்கெட் ஷாம்பூவைக் கொஞ்சம் விட்டுக் குலுக்கினேன். பொங்கி வந்தது. சல்ஃபேட் ஷாம்பூ உப்புத் தண்ணீரில் அப்படித் திரியாது.

சோப்பில் காரமும் அதிகம். பி.எச். என்ற அளவில் (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9, 10 வரை இருக்கும். நம் தலைத்தோல் 5.5 அளவில் லேசான அமிலத்தன்மை உள்ளது. முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. காரம் பட்டால் அது தூக்கிக்கொண்டு ஒன்றோடொன்று மாட்டும். சடை பிடிப்பது அதனால்தான்.

இப்போது மகளின் பயம். சல்ஃபேட்டில் முக்கியமானவை இரண்டு: சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், தோலில் நடந்துகொள்வது வேறு. ஆய்வுகளில் வேண்டுமென்றே தோலை எரிச்சலூட்டிப் பார்க்க லாரிலைத்தான் தடவுவார்கள், அவ்வளவு கடுமை. லாரெத் அதைவிட மென்மை. இரண்டும் ஷாம்பூ வழியாகப் புற்றுநோய் தந்ததற்கு ஆதாரம் இல்லை. லாரெத் தயாரிக்கும்போது 1,4-டையாக்சேன் என்ற பொருள் துளியளவு சேரும். அதிக அளவில் கொடுத்தபோது விலங்குகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்கியது. பயத்துக்கு வேர் அங்கே இருக்கிறது, மகளைத் திட்டாதீர்கள். ஆனால் அதைத் தொழிற்சாலையிலேயே பிரித்துப் பெருமளவு குறைத்துவிட முடியும். ஷாம்பூவும் இரண்டு நிமிஷத்தில் கழுவிப் போகிறது. என் வீட்டில் லாரெத் ஷாம்பூதான் புழங்குகிறோம்.

வாங்கும்போது லாரெத்துடன் கோகமிடோபுரோபைல் பீட்டைன் இருக்கிறதா என்று பாருங்கள்; எரிச்சலைத் தணிக்கும். டைசோடியம் ஈ.டி.டி.ஏ. இருந்தால் நம் தண்ணீருக்கு இன்னும் நல்லது, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பாக்கெட்டில் பட்டியல் இருக்காது; 60 மில்லிக்குக் குறைந்தவற்றில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே ஷாம்பூவின் பெரிய பாட்டிலைக் கடையில் வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் உசிலம்பட்டிக்குப் பெயர் தந்ததே உசிலை மரம் என்பார்கள். அதன் இலைப் பொடிதானே அரப்பு. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அதை விடாதீர்கள். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'பாரபென் இல்லை' என்று போட்ட ஷாம்பூவுக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது. பின்கழுத்தும் காதுக்குப் பின்னாலும் அரித்துத் தடிக்கிறது. தலையில் ஒன்றுமில்லை. ஷாம்பூவாக இருக்குமா? (செல்லூர் வாசகி)

பதில்: இருக்கலாம். நுரை வழிகிற வழியே அதுதான்: நெற்றி, இமை, காதுப் பின்புறம், கழுத்து. தலைத்தோல் தடிமன், தாங்கும். மற்ற இடங்கள் தாங்காது. எனக்கே நடந்தது. இமை இரண்டும் வீங்கி, கண் மையைச் சந்தேகித்து மூன்று மாதம் வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் ஷாம்பூவில் மெத்தில்ஐசோதயசோலினோன். பாரபெனை எடுத்துவிட்டால் வேறொரு கெடாமல் காக்கும் பொருளைப் போட்டாக வேண்டும்; சில கம்பெனிகள் போடுவது இதை. ஒவ்வாமையில் பாரபெனைவிட இதுதான் அதிகம் தொல்லை தருகிறது. தடவி அப்படியே விடுகிற கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இதைத் தடைசெய்தது. கழுவிவிடுகிற பொருட்களில் 0.0015 சதவீதம்தான் அனுமதி.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பெயரோ மெத்தில்குளோரோஐசோதயசோலினோனோ இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நாலு வாரத்தில் அடங்காவிட்டால் அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய், ஒட்டுப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். முதுகில் பொருட்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, எது சிவக்கிறது என்று பார்ப்பார்கள். சிலருக்கு, மேலே முதல் பதிலில் சொன்ன பீட்டைனோ வாசனைப் பொருளோகூடக் காரணமாக இருக்கும், அதனால் ஊகத்தில் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: பொடுகுக்கு எண்ணெய் வைக்கலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. செதில் படிந்து குறைந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். பொடுகை வளர்க்கும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, நாலு வாரம். தேய்த்ததும் கழுவிவிடாமல் ஐந்து நிமிஷம் ஊற விடுங்கள். நிறையப் பேருக்கு அது பலிக்காமல் போவது அந்த ஐந்து நிமிஷத்தை விடுவதால்தான்.