80, 90 வயதில் விழாமல் இருக்க: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் பதில்

காட்பாடி வாசகர்: அம்மாவுக்கு 86 வயது. தினமும் தெருவில் கால் மணி நேரம் நடக்கிறார். அது போதாதா சார்?

போதாது. நடை தொடரட்டும். ஆனால் எழும்போதும் திரும்பும்போதும் தடுமாறாமல் தாங்குவது தொடையும் இடுப்பும்தான். சமதரையில் மெதுவாக நடப்பதால் அவற்றுக்குப் பெரிதாக வலு ஏறாது. உட்கார்ந்து எழும் பயிற்சிதான் முதலில் வேண்டும்.

கைப்பிடி வைத்த மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். இருக்கையின் முன்பக்கம் நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவு குனிந்து எழ வேண்டும். பலர் குனியப் பயந்து நிமிர்ந்தபடியே எழப் பார்க்கிறார்கள். அதனால்தான் மறுபடி பின்னால் விழுகிறார்கள். உட்காரும்போது மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்கட்டும். தொப்பென்று உட்கார்ந்தால் தசைக்கு வேலையே இல்லை. எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரம் மூன்று நாள். பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.

ஆற்காடு வாசகர்: தாத்தாவுக்கு 91. இனிமேலா தசை ஏறும்?

ஏறும். பாஸ்டனில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நிறுத்திய நான்கே வாரத்தில் 32 சதவீதம் இறங்கியும் விட்டது. அதனால் நிறுத்தாதீர்கள். எடையும் பெயருக்கு இருக்கக் கூடாது: அரைக் கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டச் சொல்லுங்கள். எட்டாவது முறை சிரமமாகத் தெரிய வேண்டும். பத்து முறை சுலபமாக வந்தால் எடையைக் கூட்டுங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது.

குடியாத்தம் வாசகர்: அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். எழுந்தால் தலை சுற்றுகிறது. பயிற்சி செய்யலாமா?

இப்போது வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த ஊர் வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் இப்படி ஆகும்.

ஆம்பூர் வாசகர்: பாட்டிக்கு முழங்கால் வலி.

இருக்கையில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரமாக்குங்கள், கைப்பிடியை ஊன்றி எழட்டும். வலி மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழங்கால் வீங்கினால் காட்டிவிடுங்கள்.