குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கையால் செய்து கொடுக்க எளிதான தையல், நகை வேலைகள் என்னென்ன?

கேட்டவர் வீட்டில் ஒரு தையல் மிஷின் இருக்கிறதாம், நேர்த்தையல் மட்டும் வருமாம். பாசி கோத்துக் கம்மல், வளையல் செய்யவும் ஆசை. தீபாவளிக்குக் கடையில் வாங்கிய பரிசுக்குப் பதிலாகத் தானே செய்ததைக் கொடுக்க வேண்டும் என்கிறார். நேர்த்தையலே தாராளம். இங்கே நான் சொல்லும் எதற்கும் அதற்கு மேல் தேவைப்படாது.

"என்ன செய்யலாம்" என்று யூடியூபில் தேட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அவரை இரண்டு நாள் கவனியுங்கள். அடிக்கடி எதைத் தேடுகிறார், கை எந்நேரமும் ஈரமாக இருக்குமா, காது கனம் தாங்குமா, கழுத்தில் எதையாவது போட்டால் அரிக்குமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது தானாகவே தெரிந்துவிடும். நான் தைத்துக் கொடுத்தது தேய்ந்து நைந்துபோய், "இதே மாதிரி இன்னொன்று தைத்துத் தா" என்று ஒருவர் வந்து கேட்டால் அதைவிட எனக்குச் சந்தோஷம் இல்லை.

முதல் வேலையாகச் சுருக்குப்பை தையுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அப்பத்தா வெற்றிலை பாக்கும் சில்லறையும் போட்டுக்கொள்வார், கல்லூரிக்குப் போகிற பெண் சார்ஜரும் இயர்போனும் போட்டுக்கொள்வாள், ஊருக்குப் போகிற மாமா மாத்திரைகளைப் போட்டுக்கொள்வார். துணிக்கு அலையவும் வேண்டாம். கொலுவுக்கும் வளைகாப்புக்கும் போன இடங்களில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் எல்லார் வீட்டு பீரோவிலும் கிடக்கும். 80 சென்டிமீட்டர் துணி ஒன்றில் நாலு பை வந்துவிடும்.

8 அங்குல அகலம், 20 அங்குல நீளத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் உள்ளே போகும்படி பாதியாக மடியுங்கள். மடிப்பு விழுந்த இடம்தான் பையின் அடி, அங்கே தையல் கிடையாது. இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி, அடியிலிருந்து மேலே தைத்துக்கொண்டு போய், வாய்க்கு இரண்டரை அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். நிறுத்துகிற இடத்தில் மிஷினை முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டிவிடுங்கள். பையைத் திறந்து மூடும்போது இழுவை முழுக்க அந்த இடத்தில்தான் விழும். தைக்காமல் விட்ட ஓரங்களை உள்ளே மடித்து ஒரு தையல் போட்டால் பிசிறு வராது. இனி வாய்ப்பகுதி. கால் அங்குலம் மடித்து, மறுபடி ஒரு அங்குலம் மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டித் தைத்தால் நாடா போகிற குழல் கிடைத்துவிடும். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று.

பையை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிட்டு, பாவாடை நாடாவை 22 அங்குலத்தில் இரண்டு துண்டாக வெட்டுங்கள். நுனியில் ஊக்கைக் குத்தி, முதல் நாடாவை வலப்பக்கமாக நுழைத்து, முன்குழல் வழியே போய்ப் பின்குழல் வழியே திரும்பி, வலப்பக்கமே வெளியே எடுத்து இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இரண்டாவது நாடாவை இடப்பக்கத்திலிருந்து அதே மாதிரி சுற்றிக் கொண்டுவாருங்கள். இரண்டு முடிச்சையும் எதிரெதிராக இழுத்தால் வாய் இறுகிவிடும். ஒரு நாடா போதாதா என்று தோன்றும். ஒரு நாடா போட்ட பை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், இறுக மூடவும் மூடாது. விரல் வலி உள்ள பெரியவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் முடிச்சுப் போடுவதற்கு முன் பெரிய மரப்பாசி ஒன்றைக் கோத்துவிடுங்கள். பிடித்து இழுக்கச் சுலபமாக இருக்கும், பார்க்கவும் அழகு.

துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குச் செய்யும்போது குடும்பத்துப் பழந்துணியைவிட நல்ல துணி கிடையாது என்பது என் அபிப்பிராயம். மதுரைக்காரி என்பதால் எனக்குச் சுங்குடிமேல் தனிப் பிரியம். உடல் முழுக்கப் புள்ளிகள் என்பதால் மேல் கீழ் பார்க்க வேண்டியதில்லை, எப்படித் திருப்பி வெட்டினாலும் சேரும். பல தடவை துவைத்த புடவையாக இருந்தால் இனிச் சுருங்காது, சாயமும் பெரும்பாலும் போகிற அளவுக்குப் போயிருக்கும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பழைய சுங்குடி உங்கள் வீட்டில் இருந்தால் மட்டும் கத்தரி வைக்காதீர்கள், அப்படியே பத்திரப்படுத்துங்கள். இப்போது கடைகளில் வருவது பெரும்பாலும் அச்சுப்போட்டது, அதைத் தாராளமாக வெட்டலாம்.

பழைய புடவையை வெட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகி நைந்த இடம் பளிச்சென்று தெரியும். கொசுவத்தின் கீழ் ஓரம் தரையில் உரசி உரசிக் கெட்டிருக்கும், இடுப்பில் செருகுகிற உள்தலைப்பு பெரும்பாலும் நன்றாக இருக்கும். உடையவரிடம் கேட்காமல் வெட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குச் சாயம்போன புடவையாகத் தெரிவது அவருக்கு என்னவென்று நமக்குத் தெரியாது. புதுத் துணி என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் அளவு எடுக்க வேண்டும். அடர்ந்த சிவப்பு, நீலம் எல்லாம் ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வெள்ளைத் துணியோடு சேரக் கூடாது. ஊசியும் துணிக்குத் தகுந்த மாதிரி மாற வேண்டும். மெல்லிய புடவைக்கு 11ஆம் நம்பர், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

வெளிநாட்டில் இருக்கிற அக்காவுக்கு அம்மா புடவையில் குஷன் உறை தைத்து அனுப்பலாம். ஜிப் வேண்டாம், பட்டனும் வேண்டாம். 16 அங்குலக் குஷனுக்கு 17 அங்குல அகலம், 40 அங்குல நீளத்தில் ஒரே துண்டு. இரண்டு முனையையும் ஒவ்வொரு அங்குலம் மடித்துத் தைத்துவிட்டால் 38 மிஞ்சும். நல்ல பக்கம் உள்ளே இருக்க, முனைகள் நடுவில் ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து, திறந்த பக்கங்கள் இரண்டையும் அரை அங்குலத்தில் தைத்துத் திருப்பினால் வேலை முடிந்தது. கடிதம் எடையில் பார்சல் போய்விடும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு என்றால் தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி. பிறந்த குழந்தையைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டியில் சுற்றுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற வழக்கம், அதை ஓரம் தைத்துச் சதுரத் துண்டுகளாகக் கொடுத்தால் போதும். ஜப்லா தைக்கிறவர்கள் கொக்கி, பட்டன், பாசி, ஜரிகை எதையும் வைக்காதீர்கள். தையல் ஓரம் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி தையுங்கள். திருப்பிப் போட்ட சட்டை மாதிரித் தெரிந்தாலும் பரவாயில்லை, அந்த ஓரம் குழந்தையின் தோலை உரசக் கூடாது. கட்டுகிற நாடா குட்டையாக, பக்கவாட்டில் இருக்கட்டும். கழுத்தருகே நாடாவே வேண்டாம். வெந்நீரில் ஒரு தடவை அலசி, வெயிலில் உலர்த்திக் கொடுங்கள்.

இனி நகைக்கு வருவோம். பட்டு நூல் வளையலைத்தான் நிறையப் பேர் முதலில் செய்வார்கள். பிளாஸ்டிக் வளையலில் நூலைச் சுற்றி, கல் செயின் ஒட்டினால் புடவைக்குப் பொருத்தமான ஜோடி தயார். ஆனால் இது தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். அடுப்படியில் நாளெல்லாம் பாத்திரமும் மாவுமாக நிற்கிற அம்மாவுக்கு இதைக் கொடுத்தால் ஒரு தடவை போட்டுவிட்டு டப்பாவில் வைத்துவிடுவார். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிற மதினிக்கும் தோழிக்கும்தான் இது சரி.

வளையலில் எல்லாரும் இடறுகிற இடம் அளவு. 2.4, 2.6 என்று கடைக்காரர் சொல்வது தசமக் கணக்கு இல்லை, புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலும், அதாவது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், சுமார் 57 மில்லிமீட்டர். 2.6 சுமார் 60, 2.8 சுமார் 63 மில்லிமீட்டர். 2.10 இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. கொடுக்கப்போகிறவருக்குத் தெரியாமல் அளவு எடுக்க வேண்டுமானால், அவர் கழற்றி வைத்திருக்கிற வளையலில் ஸ்கேலை வைத்து உள்ளே குறுக்காக அளந்துவிடுங்கள். அகலமான கடா வளையல் செய்கிறீர்கள் என்றால் ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். அகலம் கூடினால் கையில் ஏறுவது கஷ்டம், நூலும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

சுற்றும்போது இருபது இழைகளை ஒன்றாக எடுத்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, வளையலின் உள்பக்கம் ஒரு சொட்டுத் துணிப் பசையில் ஒட்டுங்கள். பசை நன்றாகப் பிடித்த பிறகுதான் சுற்ற வேண்டும். இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் நாடா மாதிரித் தட்டையாக விழ வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் கொஞ்சம் ஏற வேண்டும். முறுக்கு விழுந்த இடத்தில் பளபளப்பு செத்துவிடும், அதனால் நாலைந்து சுற்றுக்கு ஒரு தடவை விரலால் நீவிவிடுங்கள். நூலை முடிப்பதும் புது நூல் தொடங்குவதும் எப்போதும் உள்பக்கத்தில்தான்.

கம்மலுக்குத் தட்டைக் குறடு, உருண்டை மூக்குக் குறடு, வெட்டுகிற குறடு மூன்றும் வேண்டும். பாசியைக் கோத்த கம்பியைப் பாசியின் தலையிலேயே செங்கோணமாக மடித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, உருண்டைக் குறடால் பிடித்துச் சுருட்டினால் கொக்கியில் மாட்டுகிற வளையம் வரும். சின்ன இணைப்பு வளையங்களைத் திறக்கும்போது இரண்டு பக்கமும் பிளந்து விரிக்காதீர்கள். ஒரு முனையை முன்னாலும் மறு முனையைப் பின்னாலும் தள்ளித் திறந்து, அதே வழியில் திருப்பி மூடுங்கள். பிளந்து விரித்தது மறுபடி வட்டமாகச் சேராது, கம்மல் என்றைக்காவது கழன்று விழும். கம்மல் போட்டால் காது அரிக்கிறது என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும். அவர்களுக்கு மட்டும் கொக்கியை வெள்ளியில் வாங்கி மாட்டுங்கள், மற்றதெல்லாம் அதே பொருட்கள்தான்.

வயதானவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கம்மலை அல்ல, மாட்டலை. பல வருஷம் கனத்த தோடு போட்டுக் காதோட்டை இறங்கியவர்களுக்கு மாட்டல் கனத்தைத் தூக்கிப் பிடிக்கும். ஒரு வரி முத்து, ஒரு முனையில் தோட்டின் தண்டு நுழைகிற வளையம், மறு முனையில் முடியில் செருகுகிற கொக்கி, அவ்வளவுதான். தோட்டிலிருந்து காதுக்கு மேலே செருகும் இடம் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். தொங்கினால் பிரயோஜனமில்லை, இழுத்தால் வலிக்கும், அதனால் நூலைக் காதோடு லேசாகப் படியவிட்டு அளக்க வேண்டும். இதற்கும் மாலைக்கும் கியர் வயர் நல்லது. மெல்லிய எஃகு இழைகளுக்கு மேல் பூச்சு ஏற்றிய கம்பி அது. முனையில் கியர் லாக் என்கிற குட்டி உலோக மணியைக் கோத்து, வயரை வளைத்து அதற்குள்ளேயே திருப்பி விட்டு, குறடால் நசுக்கினால் முடிச்சுத் தேவையில்லை. தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு மலிவுதான், ஆனால் முடிச்சு வழுக்கி அவிழும். சிநேகிதிகளுக்கு எலாஸ்டிக்கில் கைச்சரம் கோப்பதாக இருந்தால், கோப்பதற்கு முன்பே நூலை நாலைந்து தடவை நன்றாக இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் தளர்ந்து பாசிகளுக்கு நடுவே இடைவெளி விழும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குப் பாசி வேலை எதையும் கொடுக்காதீர்கள், அறுந்தால் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பொருள் வாங்க மதுரை என்றால் துணிக்கு விளக்குத்தூண் பக்கம் போகலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களும் நாடா, லேஸ் கடைகளும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. சென்னையில் துணிக்குக் கோடவுன் தெரு, பாசிக்கும் கொக்கிக்கும் சௌகார்பேட்டை. முதல் தடவையே கிலோ கணக்கில் பாசி வாங்காதீர்கள். யாருக்கு, எந்தப் புடவைக்கு என்று தெரிந்த நிறத்தில் மட்டும் ஒவ்வொரு சரம் வாங்குங்கள். குறடுக்கு மட்டும் காசு பார்க்க வேண்டாம், மட்டமான குறடு கம்பியில் பல் பதித்துவிடும்.

தீபாவளிக்குள் என்று கேட்டிருப்பதால், வளையல் அளவுகளை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். நூல் சுற்றுகிற வேலையையும் பசை வேலையையும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது, ஈரக்காற்றில் பசை காய ரொம்ப நேரம் எடுக்கும். சுருக்குப்பையை மழை நாளில் உட்கார்ந்து தைத்துக்கொள்ளலாம்.