டிரிகர் எடை குறைந்தால் குறி தப்பாதா?

டிரிகர் எடை என்றால் துப்பாக்கியில் விரலால் இழுக்கும் விசையின் (டிரிகரின்) சொந்த எடை இல்லை. ரைஃபிள் வெடிக்க விரல் எவ்வளவு பலமாக விசையை இழுக்க வேண்டும் என்பதன் அளவு, கிராமில் சொல்வார்கள்.

விசை கனமாக இருந்தால் விரலோடு கையும் சேர்ந்து இறுகும், சுடும் நொடியில் ரைஃபிள் லேசாகத் திரும்பிவிடும். ஒரு மீட்டர் நீள ரைஃபிளின் முனை 1 மி.மீ. விலகினாலே, 100 மீட்டரில் குண்டு சுமார் 10 செ.மீ. தள்ளிப் படும். செல்போனில் பட்டனை அமுக்கி அழுத்தினால் படம் கலங்குமே, அதே கதைதான். என்னைக் கேட்டால், எடையைவிட விசை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, உரசாமல் விடுபடுவதுதான் முக்கியம்.

சரி, எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லதா? இல்லை. லேசான விசை ரைஃபிளைத் துல்லியமாக்காது, சுடுபவரின் கைப்பிழையைத்தான் குறைக்கும். அளவுக்கு மீறினால் குறி பார்த்து முடிக்கும் முன்பே வெடித்துவிடும்.