ஒரே தவறு ஆளுக்கு ஆள் வேறாகத் தெரிகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

கேரளாவில் பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். தமிழர் அதிகம் வாழும் கொழிஞ்சாம்பாறை ஆள், பாலக்காட்டு ஆள், ஒடிசா ஆள் மூவரும் ஒரே தவறைச் செய்தாலும் உங்களுக்கு ஒரே மாதிரி படுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் "இனி நியாயமாக நடப்பேன்" என்ற உறுதிமொழி மட்டும் போதாது. வேலை செய்யும் முறையையே மாற்ற வேண்டும்.

பத்து நிமிடத் தாமதத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க்காரர் என்றால், "வாளையாரில் லாரி மறித்திருக்கும்" என்று சூழ்நிலையின் மேல் பழி போடுகிறோம். வேற்று ஊர்க்காரர் என்றால், "இவங்களே இப்படித்தான்" என்று குணத்தின் மேல் போடுகிறோம். இரண்டு பேரிடமும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டோம். கேட்காமலே காரணம் தெரிந்துவிட்டதாக நினைக்கும் அந்த நொடியில்தான் சாய்வு நுழைகிறது.

பேச்சு வழக்கு இதை இன்னும் கூட்டும். கொழிஞ்சாம்பாறை இருக்கும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழரைச் சில மலையாளிகள் "பாண்டி" என்று எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். அதே ஆள் பொள்ளாச்சி வந்து வாய் திறந்தால் "மலையாளத்தான் போல" என்கிறார்கள். 1960-இல் கனடாவின் மான்ட்ரியலில் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். இருமொழி தெரிந்தவர்கள் ஒரே பத்தியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்த பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரே ஆள் என்று தெரியாமல், ஆங்கிலக் குரலுக்குப் பல குணங்களில் கூடுதல் மதிப்பு கொடுத்தார்கள் கேட்டவர்கள். பிரெஞ்சு பேசுபவர்களே தங்கள் மொழிக் குரலைக் குறைத்து மதிப்பிட்டார்கள். ஆகவே "நானும் தமிழன்தானே, தமிழ் ஆளிடம் எனக்கு எப்படிச் சாய்வு வரும்" என்று நம்பிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது: "6.10-க்கு வந்தார், கையுறை இல்லை." வலப்பக்கம் நீங்கள் முடிவு கட்டியது: "அலட்சியம்." இடப்பக்கம் எழுதாமல் வலப்பக்கம் எழுதக் கூடாது. எழுதியபின் பெயரை மட்டும் மாற்றி, உங்களுக்குப் பிடித்த ஆளின் பெயரைப் போட்டு வாசியுங்கள். "அலட்சியம்" அப்போதும் அங்கே நிற்குமா?

மாதாந்திர மதிப்பெண் போடும்போது பெரும்பாலோர் ஒரே ஆளுக்கு எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார்கள். அப்படிச் செய்தால் ஒரு குணம் மற்ற எல்லாவற்றுக்கும் சாயம் பூசிவிடும். அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் 1920-இலேயே ராணுவ மதிப்பீடுகளில் இதைக் காட்டினார்: உடல்வாகுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு அறிவுக்கும் தலைமைக்கும் சேர்த்தே உயர்ந்திருந்தது. அதனால் முதலில் எல்லோருக்கும் "வேலைத் தரம்" மட்டும் போடுங்கள், பிறகு எல்லோருக்கும் "நேரம் தவறாமை".

ஆள் எடுக்கும்போது "எந்த ஊர்?" என்பதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு பதில் முடிந்ததும் உடனே மதிப்பெண். இருவர் சேர்ந்து தேர்வு செய்தால் தனித்தனியே எழுதி முடித்தபின்தான் பேச வேண்டும். இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: மேனேஜர் முதலில் "பையன் நல்லா பேசுறான்ல" என்று சொல்லிவிடுவார், மற்றவரின் பேனா அதன் பின்னாலேயே போகும்.

இன்னொன்றும் நடக்கிறது, இதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. நம்பிக்கையில்லாத ஆளுக்குப் பழைய மெஷினைக் கொடுக்கிறோம், அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்கிறோம், உற்பத்தி குறைந்ததும் "நான் சொன்னேன்ல" என்கிறோம். யாருடைய எண்ணிக்கையையும் படிக்கும் முன் எந்த மெஷின், எத்தனை நாள், யார் பழக்கினார், அவருக்குப் புரிகிற மொழியில் பழக்கினாரா என்ற நான்கையும் பாருங்கள். நான்கும் சமமாக இல்லாவிட்டால் மெஷினை மாற்றிக் கொடுத்து, இன்னொரு மாதம் பார்த்தபின் ஒப்பிடுங்கள்.